கல்லறைத் தோட்டத்து மலரும் குழந்தைகளின் உயிரும்

நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளுக்கு முன்பாக, நம் பங்கு மக்கள் குடும்பம் குடும்பமாகக் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, புல் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்ற இடம் ஒழுங்கு செய்வது வழக்கம். அவ்வேளையில் மண்வெட்டிக்கு முதலில் இரையாவது பெரும்பாலும் ஒரு சிறு செடியே. முழங்கால் உயரம், பளபளக்கும் பச்சை இலைகள், ஐந்து இதழ் கொண்ட இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை மலர். அதை எவரும் நட்டதில்லை. எவரும் அதற்கு நீர் வார்த்ததுமில்லை. கோடையில் சுற்றியுள்ள யாவும் கருகியபோதும் அது மட்டும் பூத்து நிற்கும். ஆடும் அதைக் கடிப்பதில்லை, அத்துணைக் கசப்பு.

இச்செடிக்குத் தமிழில் நித்தியகல்யாணி என்று பெயர். ஈழத்தில் பட்டிப்பூ என்பர். நம் சிற்றூர்களில் சுடுகாட்டு மல்லி என்றே அழைப்போர் பலர். மலையாள நாட்டிலும் இதனைச் சவக்கோட்டையோடு சேர்த்தே பேசுகின்றனர். மங்கலத்தின் உச்சியிலிருந்து ஒரு பெயரும், அமங்கலத்தின் ஆழத்திலிருந்து மற்றொரு பெயரும் பெற்ற செடி இதுவொன்றாகத்தான் இருக்கவேண்டும். இரு பெயர்களும் இதற்குப் பொருந்தும் என்பதைக் கடந்த எழுபது ஆண்டுகால மருத்துவ ஆராய்ச்சி காட்டியிருக்கின்றது. இதன் இலையிலுள்ள நஞ்சு உண்டவரைக் கொல்ல வல்லது. அதே நஞ்சு, தேர்ந்த கைகளில் அளந்து கொடுக்கப்படும்போது, இரத்தப் புற்றுநோயால் மடியவிருந்த குழந்தைகளை மீட்டுத் தருகின்றது.

நித்தியகல்யாணி நம் நாட்டுச் செடியன்று. ஆப்பிரிக்காவிற்குக் கிழக்கே இந்துமாக்கடலில் உள்ள மடகாஸ்கர் தீவே அதன் தாயகம். பதினெட்டாம் நூற்றாண்டில் அது பாரிஸ், இலண்டன் நகரங்களின் தாவரத் தோட்டங்களுக்குச் சென்றது. கப்பல்களோடு வெப்ப நாடுகள் அனைத்திலும் கால் பதித்தது. தாவர நூலோர் முன்பு 'வின்கா ரோசியா' என்று வழங்கிய இதனை இன்று 'கதராந்தஸ் ரோசியஸ்' என்கின்றனர். நாம் நன்கறிந்த அரளியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அரளி விதையின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இந்த உறவு ஓர் எச்சரிக்கையாகும்.

சென்றவிடமெல்லாம் இச்செடி ஒரே புகழைப் பெற்றது வியப்பிற்குரியது. மேற்கிந்தியத் தீவுகளில் ஜமைக்காவிலும், பசிபிக் மாக்கடலோரம் பிலிப்பைன்சிலும், நம் நாட்டிலும், இதன் இலை நீரிழிவிற்கு நல்லதென்று மக்கள் நம்பினர். இலையைக் காய்ச்சிக் குடித்தனர். சிலர் பூவை மென்று தின்றனர். அந்த நம்பிக்கைதான் அறிஞர்களை இச்செடியிடம் கொண்டு சேர்த்தது. ஆனால் அவர்கள் தேடிவந்த பொருள் ஒன்று. கண்டடைந்த பொருள் முற்றிலும் வேறு.

25 இலைகள்

1952-ஆம் ஆண்டு. கனடா நாட்டின் டொரண்டோ நகரில் கிளார்க் நோபிள் என்னும் மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் அஞ்சல் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். இன்சுலின் கிடைக்காதபோது அங்குள்ள மக்கள் இவ்விலையைத் தேநீர்போலக் காய்ச்சிப் பருகுகின்றனர், ஆராய்ந்து பார்க்கவும் என்பது செய்தி. இக்கடிதம் கிளார்க் நோபிளுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1921-ஆம் ஆண்டில் டொரண்டோவில் பான்டிங் இன்சுலினைக் கண்டறியும் முயற்சியைத் தொடங்கியபோது, அவருக்கு உதவியாகச் செல்லவிருந்த மாணவர் இருவர். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், மற்றவர் கிளார்க் நோபிள். யார் முதலில் செல்வதென்று அவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததாகவும், பெஸ்ட் வென்றதாகவும் கூறுவர். பான்டிங்கின் பெயரோடு பெஸ்டின் பெயர் உலகெங்கும் பரவிற்று. நோபிளின் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும் நீரிழிவுத் துறையினர் அவரை மறக்கவில்லை.

கிளார்க் நோபிள் அவ்விலைகளைத் தம் தம்பி இராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். இராபர்ட், அதே நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்து இலண்டன் நகரில் (இங்கிலாந்தின் தலைநகரன்று, பெயர் மட்டுமே ஒன்று) மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஒருவேளை வயிற்றில் செரித்து வீணாகிறதோ என்றெண்ணி, சாற்றை ஊசிமூலம் இரத்தத்தில் செலுத்தினார். அப்போதும் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. ஆனால் ஒரு வாரத்திற்குள் எலிகள் ஒவ்வொன்றாக மடிந்தன.

பலர் இந்த இடத்தில் ஏட்டை மூடியிருப்பர். 'இலை பயனற்றது, அளவு மிஞ்சினால் நச்சுத்தன்மையுடையது' என்று இரண்டு வரி எழுதி, அடுத்த வேலைக்குச் சென்றிருப்பர். இராபர்ட் நோபிள் இறந்த எலிகளை அறுத்துப் பார்த்தார். உடலெங்கும் சீழ்க்கட்டிகள்; சாதாரணமாக எலிகளுக்குத் தீங்கு செய்யாத நோய்க்கிருமிகள் அவற்றில் பெருகியிருந்தன. நலமுள்ள எலியின் உடல் எளிதில் விரட்டிவிடும் கிருமி இதை ஏன் வென்றது? இரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. கிருமிகளோடு போரிடும் வெள்ளையணுக்கள் அறவே குறைந்திருந்தன. அவற்றை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் வறண்டிருந்தது.

இரத்தப் புற்றுநோய் என்பதோ, மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளையணுக்கள் முதிர்ச்சியடையாமலே கட்டுமீறிப் பெருகும் நோய். வெள்ளையணுக்களை அழிக்கும் பொருள் ஒன்று ஓர் இலைக்குள் ஒளிந்திருக்கிறதென்றால், அதனைப் பிரித்தெடுத்தாக வேண்டும் என்று நோபிள் துணிந்தார்.

பிரித்தெடுக்கும் பணி 1954-இல் அவரோடு வந்து சேர்ந்த சார்லஸ் பீர் என்னும் வேதியியல் அறிஞருடையது. இப்பணியின் கடுமையைச் சொற்களில் விளக்குவது அரிது. நித்தியகல்யாணியின் இலையிலும் வேரிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது காரப்போலிகள், கலந்து கிடக்கின்றன. கொயினாவும், புகையிலையின் நிக்கோடினும், அபினியின் மார்ஃபினும் இவ்வகைப் பொருள்களே. இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் வேண்டியது. அதுவும் மிக மிகச் சிறிதளவே உள்ளது. ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எலிக்குச் செலுத்தி, எந்தப் பகுதி வெள்ளையணுவைக் குறைக்கிறதென்று பார்த்து, அதை மீண்டும் பிரித்து, மீண்டும் சோதித்து, நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1958-இல் அப்பொருள் தூய படிகமாகக் கைக்கு வந்தது. இன்று அதனை வின்பிளாஸ்டின் என்கின்றோம்.

அதே ஆண்டு நோபிளும் பீரும் உடனுழைத்த கட்சும் தங்கள் முடிவுகளை நியூயார்க் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் வெளியிட்டனர். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்செயலான கண்டுபிடிப்பு' என்னும் கருத்தை வெளிப்படையாக வைத்தது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. அக்காலத்திலேயே அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலுள்ள எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தில் கோர்டன் சுவோபோடா என்பவரும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரை ஈர்த்தது பிலிப்பைன்ஸ் மக்களின் நீரிழிவு வைத்தியம். இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளுக்கு இச்சாற்றைக் கொடுத்தபோது அவற்றின் ஆயுள் நீண்டதை அந்நிறுவனத்தார் கண்டனர். இரு சாராரும் தொடர்பு கொண்டு ஒத்துழைத்தனர். சுவோபோடா மேலும் தேடி, வின்பிளாஸ்டினுக்கு உடன்பிறப்பான மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே வின்கிரிஸ்டின். அமெரிக்க அரசு 1961-இல் முன்னதையும், 1963-இல் பின்னதையும் மருந்தாகப் பயன்படுத்த இசைவளித்தது.

மெம்பிஸ் நகரத்து மருத்துவமனை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயே. விட்டு விட்டு வரும் காய்ச்சல், முகம் வெளிறுதல், காரணமின்றித் தோலில் நீலத் தழும்புகள், பல் ஈறில் இரத்தம், எலும்பில் வலி, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றுள் பல சாதாரண நோய்களிலும் காணப்படுவதால், வாரக்கணக்கில் நீடித்தாலன்றிப் பெற்றோர் ஐயுறுவதில்லை. 1960-ஆம் ஆண்டளவில், இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட ஐந்தாண்டு உயிர்வாழ்ந்ததில்லை. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 1948-இல் ஒரு மருந்தால் நோயைச் சில மாதங்கள் பின்னடையச் செய்திருந்தார். ஆயினும் நோய் திரும்பி வந்தது. இறப்பு உறுதியென்று எண்ணி, குழந்தையைத் துன்பப்படுத்தாமல் விடுவதே கருணை என்று வாதித்த மருத்துவர்கள் இருந்தனர்.

இந்நிலையில் 1962 பிப்ரவரி 4-ஆம் நாள், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் பெயர் புனித யூதா ததேயு ஆராய்ச்சி மருத்துவமனை. அதனை எழுப்பியவர் டேனி தாமஸ் என்னும் நகைச்சுவை நடிகர்; லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பெற்றோரின் மகன். வேலையின்றி வறுமையில் வாடிய இளமைக் காலத்தில், கைவிடப்பட்டோரின் பாதுகாவலராகிய புனித யூதா ததேயுவிடம், வாழ்வில் வழி காட்டினால் உமக்கொரு ஆலயம் எழுப்புவேன் என்று அவர் நேர்ந்துகொண்டிருந்தார். புகழ் வந்தபின் கர்தினால் சாமுவேல் ஸ்டிரிச் அவர்களுடன் கலந்து பேசி, அந்த நேர்ச்சையை ஒரு மருத்துவமனையாக நிறைவேற்றினார். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனி வாயில்கள் இருந்த அந்நாளில், அங்கே எல்லாக் குழந்தைகளும் ஒரே கூடத்தில் படுத்தனர். எந்தப் பெற்றோரிடமும் கட்டணம் கேட்கப்படவில்லை. இன்றுவரை அவ்வழக்கம் தொடர்கின்றது.

அம்மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பின்கெல். ஒரு மருந்தைக் கொடுத்து, அது தோற்றபின் மற்றொன்றைத் தேடும் பழைய முறையை அவர் கைவிட்டார். இருந்த மருந்துகள் அனைத்தையும் தொடக்கத்திலேயே இணைத்துக் கொடுத்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் நோயணுக்கள் ஒளிந்திருப்பதை உணர்ந்து அங்கும் சிகிச்சை செய்தார். நோய் மறைந்தது போலத் தோன்றியபின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்தார். இந்த அணிவகுப்பில் முன்னணியில் நின்றது நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின். மற்ற மருந்துகள் பல மஜ்ஜையை வாட்டுபவை. அவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் குழந்தை தாங்காது. வின்கிரிஸ்டின் மஜ்ஜையை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே எதனோடும் அதனைச் சேர்க்க முடிந்தது. 1967-இல் தொடங்கிய ஐந்தாம் ஆய்வில் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகள் முற்றிலும் நலம் பெற்றனர். இன்று வசதி மிக்க நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கின்றனர். வின்கிரிஸ்டின் தனியாக இதைச் சாதிக்கவில்லை. அஃது இல்லாமலும் இது நடந்திராது.

நஞ்சும் அளவும்

இவ்விலைப் பொருள் என்னதான் செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளைச் சரிபாதியாகப் பிரித்து இருபுறமும் இழுத்துச் செல்ல மெல்லிய இழைகள் தோன்றுகின்றன. டியூபுலின் என்னும் புரத மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இவ்விழைகள் உருவாகின்றன. பிரிவு முடிந்ததும் மணிகள் மீண்டும் உதிர்ந்துவிடும். நித்தியகல்யாணியின் நஞ்சு இம்மணிகளோடு ஒட்டிக்கொண்டு, அவை இழையாகச் சேரவொட்டாமல் தடுக்கின்றது. தறியில் பாவு பூட்ட நூல் இல்லாத நெசவாளியைப்போல், பாதி பிரிந்த உயிரணு அப்படியே நின்று மடிகின்றது. இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருப்பது புற்றணு என்பதால், அடியும் அதற்கே முதலில் விழுகின்றது.

ஆனால் அதே இழைகள் நம் நரம்புகளுக்குள்ளும் உள்ளன. நீண்ட நரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டவாளம்போல் அவை பயன்படுகின்றன. எனவே வின்கிரிஸ்டின் பெறும் குழந்தைகளுக்குக் கைகால் மரத்துப்போகலாம், மலச்சிக்கல் வரலாம், பாதத்தைத் தூக்கி நடக்கச் சிரமப்படலாம். தலைமுடி உதிரும், பின்னர் வளரும். வின்பிளாஸ்டினோ நரம்பைவிட மஜ்ஜையையே மிகுதியாகத் தாக்கும். இவ்விரண்டிற்குமிடையே வேதியியல் அமைப்பில் உள்ள வேற்றுமை, நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்கள் கொண்ட ஒரு மூலக்கூறின் ஒரு மூலையில் மெத்தில் இருக்குமிடத்தில் ஃபார்மில் இருப்பது மட்டுமே. அந்த ஒரு மாற்றத்தால் ஒன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், மற்றொன்று நிணநீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய்க்கும் உரிய மருந்தாயிற்று. படைப்பின் நுட்பத்தைப் பேசுவோர் பூவின் நிறத்தைப் பேசுகின்றனர். இந்த மூலையைப் பேசுவோர் எவருமில்லை.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். வின்கிரிஸ்டின் வாரம் ஒருமுறை, ஒரு சதுர மீட்டர் உடற்பரப்பிற்கு 1.5 மில்லிகிராம் என்ற கணக்கில் நாளத்தில் செலுத்தப்படுகின்றது. உடல் எவ்வளவு பெரிதாயினும் ஒருமுறைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்பது பொது வழக்கம். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசிக்குச் சற்றே மேல். இந்த மருந்தைத் தவறுதலாக நாளத்திற்குப் பதில் தண்டுவட நீரில் செலுத்தினால் நோயாளி பிழைப்பது அரிது. உலகின் பல நாடுகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் 2007-இல் உலக நலவாழ்வு நிறுவனம், இம்மருந்தைச் சிறு ஊசிக்குழலில் வைக்காமல், சிறு பையில் நீர்த்த கரைசலாகவே கொடுக்கவேண்டுமென்று எச்சரிக்கை விடுத்தது.

தேர்ந்த மருத்துவமனையிலேயே இத்துணைக் கவனம் தேவைப்படும் பொருள், நம் வேலியோரத்து இலைக்குள் அளவறியாமல் கிடக்கின்றது. நீரிழிவிற்கென்று இதன் இலையையும் பூவையும் காலையில் வெறும் வயிற்றில் மெல்வோர் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். ஆய்வுக்கூடத்து எலிகளிடம் இதன் சாறு சில வேளைகளில் சர்க்கரையைக் குறைத்ததுண்டு. மனிதரிடம் அது நம்பத்தக்க முறையில் நிறுவப்படவில்லை. ஒரு செடியின் இலைபோல் மறு செடியின் இலை இருப்பதில்லை. மண்ணும் பருவமும் மாற, நஞ்சின் அளவும் மாறுகின்றது. கருவுற்ற பெண்கள் இதைத் தொடவே கூடாது. இனி, 'இந்தச் செடியிலிருந்துதானே புற்றுநோய் மருந்து எடுக்கிறார்கள், நேரே சாற்றைக் கொடுத்தால் என்ன?' என்று அக்கறையோடு சொல்லும் அக்கம்பக்கத்தார் உண்டு. பல நூறு கிலோ உலர்ந்த இலையைப் பிழிந்து எடுத்தால் கிடைப்பது ஒரு கிராம் மருந்து. கோப்பைச் சாற்றில் நோயைத் தீர்க்கும் அளவு இராது. ஆனால் மற்ற நூறு காரப்போலிகளும் இருக்கும். சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றிப் பேசும்போது, மருத்துவரையும் மருந்து செய்பவரையும் உடன் சேர்த்தே பேசுவதை நம்மவர் கவனிப்பது நலம்.

தெற்கத்திச் சீமையிலிருந்து

மருந்து நிறுவனங்களுக்கு இலை எங்கிருந்து வந்தது? அதில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகவே விளைவிக்கப்படுகின்றது. வேறெதுவும் விளையாத மண்ணிலும், மழை பொய்த்த ஆண்டிலும் அது நிற்கும். ஆடுமாடு தீண்டாததால் வேலியும் வேண்டுவதில்லை. விதைத்த ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை கொய்து, ஓராண்டு நிறைந்ததும் வேரோடு பறிப்பர். வேரிலுள்ள அஜ்மலிசின் என்னும் பொருள் இரத்த ஓட்டத்திற்கான மருந்துகளுக்குப் பயன்பட்டது. இலை அமெரிக்காவிற்கும் ஹங்கேரிக்கும், வேர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் கப்பலேறின. 1980-களில் புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் துணையோடு இம்மருந்துகளை நம் நாட்டிலேயே பிரித்தெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. விலை குறைந்தமைக்கு அதுவும் ஒரு காரணம்.

மடகாஸ்கர் மக்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஏதுமில்லை என்பதே விடை. மருந்தால் வந்த செல்வத்தில் ஒரு காசும் அந்த ஏழைத் தீவிற்குச் செல்லவில்லை. செடி அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது, குறிப்பும் ஜமைக்காவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்தது, பிறகு யாருக்கு எவ்வளவு என்று நிறுவனங்கள் கேட்கலாம். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். நீதி என்பது சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1992-இல் உயிரினப் பன்மை பற்றிய உலக உடன்படிக்கை உருவானபோது, தாவரம் பிறந்த நாட்டிற்கும் பயனில் பங்கு வேண்டுமென்று வாதாடியோர் இச்செடியையே எடுத்துக்காட்டாக நிறுத்தினர். காடுகள் அழியும்போது, நோய் தீர்க்க உதவியிருக்கக்கூடிய உயிரினங்களும் உடன் அழிகின்றன என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் சுட்டியிருப்பதும் நினைவுகூரத்தக்கது. மடகாஸ்கரின் காடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

செடியை நம்பியிருப்பதில் வேறு தொல்லையும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்த இரு நிறுவனங்களுள் ஒன்று விலகிக்கொள்ள, மற்றதும் உடனே ஈடுகொடுக்க இயலாமல், செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலேயே குழந்தைகளுக்கான மருந்தை மருத்துவர்கள் பங்கிட்டுத் தரும் நிலை வந்தது. இதற்கு மாற்று வழி தேடியோர் இச்செடி தன் நஞ்சை எவ்வாறு ஆக்குகிறதென்று ஆராய்ந்தனர். ஏறத்தாழ முப்பது படிகள் கொண்ட அந்தப் பாதையின் விடுபட்ட கண்ணிகள் இங்கிலாந்தில் சாரா ஓ'கானர் குழுவினரால் 2018-இல் கண்டறியப்பட்டன. 2022-இல் கலிஃபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவினர், தாவரங்களின் 34 மரபணுக்களை ஈஸ்டு என்னும் நொதியினுள் பொருத்தி, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் அதனைக்கொண்டே உண்டாக்கிக் காட்டினர். அப்பம் புளிக்கவைக்கும் அதே நுண்ணுயிர்தான். இரு பாதிகளையும் பின்னர் வேதிமுறையில் இணைத்துக்கொள்ளலாம்.

அடையாற்றில் கண்டது

மருந்து இருந்தும் குழந்தைகள் இறப்பது ஏன் என்பதே நம் நாட்டின் கேள்வி. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் வி. சாந்தா அவர்களின் அரிய உழைப்பால் வளர்ந்தது. அந்நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவ நிலையமும் இணைந்து 1984-இல் ஒரே சிகிச்சைத் திட்டத்தை மேற்கொண்டன. அதிலும் வின்கிரிஸ்டின் முதன்மை இடம் பெற்றது. அதற்கு முன் நூற்றுக்கு இருபது குழந்தைகள்கூடப் பிழைக்காதிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். மேல்நாட்டோடு ஒப்பிட்டால் இது குறைவே. காரணங்கள் பல: பிந்தி வருதல், ஊட்டக்குறைவு, சிகிச்சையின்போது தொற்றும் நோய்கள். இவற்றோடு ஒன்று, மருந்தை இடையில் நிறுத்துதல்.

அது நேர்வது இவ்வாறு. முதல் நான்கைந்து வாரங்களில், வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசியும் உடன் மற்ற மருந்துகளும் பெற்றதும், குழந்தை எழுந்து விளையாடுகின்றது. காய்ச்சல் நின்று, முகத்தில் களை வருகின்றது. இரத்தத்தைச் சோதித்தால் நோயணு ஒன்றும் தென்படவில்லை. தந்தை வேலையை விட்டு ஒரு மாதம் ஆயிற்று, வீட்டில் மற்றக் குழந்தைகள் பாட்டியிடம், நகை அடகில். குணமாகிவிட்டது, இறைவனுக்கு நன்றி என்று ஊர் திரும்புகின்றனர். ஆனால் நோய் தென்படாத அந்நாளிலும் உடலுக்குள் கோடிக்கணக்கான நோயணுக்கள் மறைந்திருக்கக்கூடும். அவற்றைத் தீர்க்கவே எஞ்சிய இரண்டு மூன்று ஆண்டுச் சிகிச்சை. நிறுத்திவிட்டால் சில மாதங்களில் நோய் திரும்பும். திரும்பும் நோய் முன்னைய மருந்துக்கு எளிதில் பணிவதில்லை.

அக்கம்பக்கத்தில் இத்தகைய குடும்பம் இருப்பின், அவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது மருந்துச் செலவைவிட வழிச்செலவும், சென்னையில் தங்க இடமும், ஊரில் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்குச் சோறுமே. பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையினர் இதனை அறிந்திருப்பது நலம். சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, பயணச்சீட்டு வாங்கும்போது காட்டவேண்டும். ஒவ்வொரு முறை செல்லும்போதும், அடுத்த முறைக்கான படிவத்தையும் அங்கேயே கேட்டு வாங்கி வருதல் அலைச்சலைக் குறைக்கும்.